போரை அறிந்தவர் போரை வேண்டார்

கோவிற்பட்டியிலிருந்து கிழக்கே எட்டையபுரம் நோக்கியோ, தெற்கே கயத்தாறு நோக்கியோ கரிசற் காட்டினூடே செல்லும் எவரும், வழியிலுள்ள சிற்றூர்களில் ஏதேனும் ஒரு வீட்டின் முன்சுவரில் ஒரு படத்தைக் காணலாம். படைச்சீருடை அணிந்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் ஓர் இளைஞனின் படம் அது. சில வீடுகளில் அப்படத்துக்குரியவர் இன்று நரைத்த தலையோடு அதே திண்ணையில் அமர்ந்திருப்பார். வேறு சில வீடுகளில் படத்துக்கு மாலை இட்டிருக்கும்.

வற்றாத ஆறு ஒன்றும் பாயாத மண் இது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வாடைமழை பொய்க்காமற் பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் வீடு வந்து சேரும். பொய்த்தால் வெடித்த நிலமும் வட்டிக்கடனுமே எஞ்சும். பெண்மக்கள் தீப்பெட்டித் தொழிற்கூடங்களுக்குப் போவர். ஆண்மக்களுள் ஒருவன் படைக்கு ஆளெடுக்கும் திடலுக்குப் போவான். அவன் போரை விரும்பிப் போகின்றான் அல்லன். திங்கள்தோறும் தவறாது வரும் சம்பளத்தையும், முதுமையில் வரும் ஓய்வூதியத்தையும் எண்ணியே போகின்றான். அந்த ஓய்வூதியத்தையும் இந்திய அரசு 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் கொண்டுவந்த 'அக்கினிப்பாதை'த் திட்டத்தால் பறித்துக்கொண்டது. நான்காண்டு முடிந்தபின் நால்வரில் ஒருவருக்குமேல் படையில் நிலைக்கவியலாது. வெளியேறும் மற்றவர்க்கு ஒரு தொகையுண்டு, ஓய்வூதியம் இல்லை. மழை பொய்த்த மண்ணின் மகனுக்கு அரசும் பொய்த்தது.

இத்தகைய வீடுகளிலிருந்து போன பிள்ளைகளைத்தாம், குளிரூட்டிய கூடங்களில் அமர்ந்து 'போர் தொடுங்கள்' என்று கூவுவோர் களத்துக்கு அனுப்பத் துடிக்கின்றனர். 2019-ஆம் ஆண்டு பிப்பிரவரி 14-ஆம் நாள் காசுமீரத்துப் புல்வாமாவில் வெடிமருந்து ஏற்றிய வண்டி மோதி நடுவணரசின் துணைக்காவற் படையினர் 40 பேர் மாண்டனர். அவருள் இருவர் தமிழர். அவ்விருவருள் ஒருவர் இக் கரிசற் பகுதியினர். பெற்றோரின் கண்ணீர் காயுமுன்னரே அவ்விளைஞரின் சாவைக் கட்சிக்காரர் தம் மேடைக்கு எடுத்துக்கொண்டனர். அடுத்த இரண்டு திங்களில் தேர்தல். படையினரின் படங்களும் படையினரின் சீருடையும்கூட வாக்கு வேட்டைக்குப் பயன்பட்டன. அதனைக் கண்டு மனம் பொறாத ஓய்வுபெற்ற படை அலுவலர் 150-க்கு மேற்பட்டோர் பெயரால், 'படையை அரசியலுக்குப் பயன்படுத்தாதீர்' என்று குடியரசுத் தலைவர்க்கு அவ்வாண்டு ஏப்பிரலில் ஒரு மடல் வெளிவந்தது. அதில் தம் பெயர் சேர்க்கப்பட்டதை ஓரிருவர் பின்னர் மறுத்தனர். ஆயினும் மற்றவர் உறுதியாய் நின்றனர்.

இங்கேதான் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். போர் வேண்டும் என்பார் யார்? போர் வேண்டா என்பார் யார்?

2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் 22-இல் பகல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மே 7-இல் இந்தியப் படை பாக்கித்தானில் தாக்குதல் தொடங்கிற்று. மே 10-இல் இரு நாடுகளும் சண்டையை நிறுத்தின. நான்கே நாளில் நிறுத்தியது தவறு என்று தொலைக்காட்சிகளில் வெகுண்டவர் பலர். அவருள் ஒருவரேனும் எல்லையோரச் சிற்றூரில் ஓரிரவு தங்கியவரல்லர். மறுநாளே பூனாவில் ஒருவர் எழுந்து, போர் என்பது காதற்கதையன்று, திரைப்படமுமன்று என்றார். ஆணை பிறந்தால் தாம் போருக்குச் செல்வதாகவும், ஆனால் தாம் முதலில் தேர்வது பேச்சுவழியையே என்றும் கூறினார். குண்டுவீச்சுக்கு அஞ்சி இரவில் பதுங்கிடம் தேடி ஓடும் எல்லையோரக் குழந்தைகளின் நெஞ்சில் அவ்வச்சம் நெடுங்காலம் தங்கும் என்பதையும் எடுத்துச் சொன்னார். அவ்வாறு சொன்னவர் ஏதோ துறவியல்லர். 2019-ஆம் ஆண்டின் இறுதிமுதல் 2022-ஆம் ஆண்டு ஏப்பிரல்வரை இந்திய நிலப்படையின் தலைவராயிருந்த நரவணே ஆவார்.

இவர்க்கு முன்னரே இவ்வழியில் நெடுந்தொலைவு நடந்தவர் ஒருவர் உளர். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படையின் தலைவராயிருந்த இலட்சுமிநாராயண் இராமதாசு அவர். 1971-ஆம் ஆண்டுப் போரில் வங்கக் கடலில் ஒரு போர்க்கப்பலை நடத்திப் பொருது வீரச்சக்கர விருது பெற்றவர். அத்தகையவர், ஓய்வு பெற்றபின், பாக்கித்தான் மக்களோடு இந்திய மக்கள் நேருக்குநேர் உறவாடுதற்கென்று அமைந்த அமைதி இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். 1998-ஆம் ஆண்டு மே திங்களில் பொக்ரானில் இந்தியாவும், அத்திங்களின் இறுதியில் சாகாயில் பாக்கித்தானும் அணுக்குண்டு வெடித்துப் பார்த்தபோது, தெருத்தோறும் இனிப்பு வழங்கியவர் நடுவே நின்று, இஃது எவர்க்கும் காப்பாகாது என்று அறைந்து சொன்னார். 2004-ஆம் ஆண்டின் மகசேசே விருது அவர்க்கும், பாக்கித்தானைச் சேர்ந்த மாந்த உரிமைப் போராளி இரகுமான் அவர்க்கும் இணைத்தே வழங்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 90-ஆம் அகவையில் மறையும்வரை அவர் தம் கொள்கையினின்று பிறழவில்லை. அவர் நெஞ்சில் அணிந்திருந்த விருதுகளைப் பார்த்தபின்னும் அவரைக் கோழை என்று சொல்ல எந்த வாய்ச்சொல் மறவனுக்கு நாவெழும்?

மேலையுலகிலும் இஃதே நிலை. அமெரிக்கக் கடல்சார் படையில் முப்பத்து மூன்று ஆண்டுகட்குமேல் பணியாற்றி, அந்நாட்டின் மிகவுயர்ந்த மறவர் விருதை இருமுறை பெற்ற சுமெட்லி பட்லர் என்பார், 1935-ஆம் ஆண்டில், போர் என்பது சிலர் கொழுக்கப் பலர் சாகும் கொள்ளை வணிகம் என்று நூலே எழுதினார். இரண்டாம் உலகப் போரில் மேலை நாடுகளின் கூட்டுப்படையை நடத்திய ஐசனோவர், 1961-ஆம் ஆண்டு சனவரியில் குடியரசுத் தலைவர் பொறுப்பிலிருந்து விடைபெறும்போது, படைக்கலத் தொழில் முதலாளிகளும் படைத்துறையும் கைகோத்துக் குடியாட்சியை விழுங்கக்கூடும் என்று எச்சரித்தார். 1971-ஆம் ஆண்டு ஏப்பிரலில் வியத்துநாம் களத்திலிருந்து மீண்ட படைஞர் நூற்றுக்கணக்கானோர் தம் விருதுகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வீசியெறிந்தனர். அமெரிக்காவின் அணுப்படைக்கலங்களையெல்லாம் தம் ஆணைக்கீழ் வைத்திருந்த லீ பட்லர் என்னும் படைத்தலைவர், 1996-ஆம் ஆண்டு திசம்பரில் அவற்றை அடியோடு ஒழிக்க வேண்டுமென்றார். பல நாடுகளைச் சேர்ந்த ஓய்வுபெற்ற படைத்தலைவர் ஏறத்தாழ 60 பேர் அவரோடு சேர்ந்து அறிக்கை விடுத்தனர்.

உலகின் எப்பகுதியில் நோக்கினும் உண்மை ஒன்றே. தீப்பெட்டி அடுக்கும் கை தீயோடு விளையாடாது. களத்தில் நின்ற கால் போருக்குத் துள்ளாது. பிறன் பிள்ளையின் குருதியில் தன் புகழை வளர்க்க நினைப்பவனுக்கே போர் இனிக்கும்.

இனி, தமிழராகிய நம் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருவோம்.

1987-ஆம் ஆண்டு சூலை 29-இல் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். ஈழத்தமிழர்க்காகக் கொழும்பிலே இயற்றப்பட்ட அவ்வுடன்படிக்கையில் ஈழத்தமிழர் கையொப்பமில்லை. 'அமைதிகாக்கும் படை' என்ற பெயரோடு இந்தியப் படை ஈழமண்ணில் இறங்கியது. அதன் முதற் களத்தலைவர் அர்கிரத் சிங் என்னும் சீக்கியர். அவர் ஓய்வுபெற்று, 2007-ஆம் ஆண்டில், தாம் கண்டவற்றை ஒரு நூலாக வெளியிட்டார். அந்நூலில் அவர் தரும் செய்தி ஒன்றைத் தமிழர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

1987-ஆம் ஆண்டு செப்தம்பர் 14, 15-ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில், கொழும்பிலிருந்த இந்தியத் தூதர் தீட்சித் தம்மைத் தொலைப்பேசியில் அழைத்து, பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சிறைப்பிடிக்கவோ சுடவோ சொன்னார் என்று அவர் எழுதுகின்றார். அவர் அதனைத் தம் மேல்தலைவரான தீபிந்தர் சிங்குக்குத் தெரிவித்தார். நாம் மரபறிந்த படையினர், வெள்ளைக்கொடியின்கீழ்ப் பேச வருபவரை முதுகிற் சுடுவதில்லை என்னும் மறுமொழியே தூதர்க்குப் போயிற்று. அந்நூல் வெளிவந்தபோது தீட்சித் உயிரோடில்லை, 2005-இலேயே மறைந்துவிட்டார். எனவே அவர் தரப்பு விடையை நாம் கேட்க வழியில்லை. ஆயினும் தம் பெயரும் தம் படையின் பெயரும் கெடுமென்று அறிந்தும் ஒரு படைத்தலைவர் எழுதிவைத்த சான்று அது. எளிதில் தள்ளத்தக்கதன்று.

அடுத்து நிகழ்ந்தவற்றை நாம் அறிவோம். அக்டோபர்த் தொடக்கத்தில் கடலிற் பிடிபட்ட குமரப்பா, புலேந்திரன் முதலிய 17 பேர் பலாலியில் வைக்கப்பட்டனர். அவர்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லச் சிங்கள அரசு முனைந்தது. காத்துநின்ற இந்தியப் படை விலக்கப்பட்டது. அக்டோபர் 5-இல் 12 பேர் நஞ்சருந்தி மாண்டனர். ஒரு கிழமைக்குள் போர் மூண்டது. அக்டோபர் 21, 22-ஆம் நாள்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1990-ஆம் ஆண்டு மார்ச்சில் அப்படை திரும்பியபோது அதன் இழப்பே ஆயிரத்து நூற்றைக் கடந்திருந்தது. ஈழத்தமிழர் இழப்போ அதனினும் பலமடங்கு. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அப்படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை.

தில்லியில் நாற்காலியிலிருந்தவர் போருக்கு விரைந்தனர். களத்திலிருந்த சீக்கியர் பேச்சை விரும்பினார். இவ்வேறுபாட்டை ஊன்றிப் பாருங்கள். அந்தச் சீக்கியப் படைத்தலைவர்க்கிருந்த அறவுணர்வில் ஒரு துளி ஆட்சியிலிருந்தோர்க்கு இருந்திருப்பின், அத்தனை தமிழர் சாவும், அத்தனை இந்தியப் படைஞர் சாவும் தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் மீண்டுமொரு வெள்ளைக்கொடி உயர்ந்தது. 2009-ஆம் ஆண்டு மே 18-இல் முள்ளிவாய்க்காலில், பணிந்து வந்த நடேசன், புலித்தேவன் முதலியோர் கொல்லப்பட்டனர். இதனைச் சிங்கள அரசு மறுத்தே வருகின்றது. அப்போரை நடத்திய படைத்தலைவர் சரத் பொன்சேகா, பதவி விலகியபின், அவ்வாண்டு திசம்பரில் கொழும்பு ஆங்கிலக் கிழமை இதழொன்றுக்குத் தந்த செவ்வியில், பணிவோரைக் கொல்லுமாறு பாதுகாப்புச் செயலர் கோத்தபய ஆணையிட்டார் என்று கூறியதாகச் செய்தி வந்தது. பின்னர்த் தம் சொல் திரிக்கப்பட்டது என்றார். ஆயினும் அச்செவ்விக்காகவே 2011 நவம்பரில் அவர்க்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பொன்சேகாவின் கை தூய கையன்று. தேர்தலில் நின்றவரின் பேச்சு அறத்தால் எழுந்ததா, பகையால் எழுந்ததா என்பதையும் நாம் அறிவோம். ஆயினும் படைஞன் வாய் திறப்பதைக் கண்டு ஓர் அரசு எத்துணை அஞ்சுகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வெளியார் கதை எதற்கு? இக் கரிசல் மண்ணின் பெருமையையே நமக்கு எழுதிவைத்தவன் ஒரு பகைப்படை அலுவலன். 1801-ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய ஆங்கிலப் படையில் இருந்தவன் வெல்சு என்பான். அவன் 1830-ஆம் ஆண்டில் வெளியிட்ட படை நினைவுக் குறிப்புகளில் தன்னால் தாக்கப்பட்ட ஊமைத்துரையை வியந்து போற்றியிருக்கின்றான். தனக்கு வளரி எறியக் கற்றுத்தந்த சின்னமருது, பின்னர்க் காயம்பட்டுப் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டதையும் இரக்கத்தோடு குறித்திருக்கின்றான். அவன் போரை வெறுத்தவனல்லன், வெள்ளையராட்சியை மறுத்தவனுமல்லன். எனினும் களத்தில் எதிர்நின்றவனும் மாந்தனே என்னும் உண்மை அவன் நெஞ்சை உறுத்தியிருக்கின்றது. அவ்வுறுத்தல் இல்லையேல் ஊமைத்துரையின் மறத்துக்குப் பகைவன் தரும் சான்று நமக்குக் கிடைத்திராது.

ஈண்டு இரண்டு வினாக்கள் எழும்.

'பதவியிலிருக்கும்போது வாய்மூடி, ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியபின் அறம் பேசுவதில் என்ன பெருமை?' என்பது முதல் வினா. இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஐசனோவர் ஆட்சியிலேயேதான் அமெரிக்காவின் அணுக்குண்டுகள் மலைபோற் குவிந்தன. விடைபெறும் நாளில் அவர் அழுத கண்ணீர் அவற்றுள் ஒன்றையும் நனைக்கவில்லை. ஆயின் ஒன்றை நோக்குதல் வேண்டும். பணியிலுள்ள படைஞன் அரசியல் பேசினால் அது படையாட்சிக்கு வழிகோலும். பாக்கித்தானும் பர்மாவும் அதற்குச் சான்று. எனவே அவன் நாவைக் கட்டிவைத்திருப்பதில் ஒரு நயம் உண்டு. ஆனால் அறமல்லாத ஆணையை மறுப்பதற்கு ஓய்வுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அர்கிரத் சிங் மறுத்தது பணியிலிருக்கும்போதே. அவர் நூல் எழுத இருபதாண்டாயிற்று. அறத்தின் பக்கம் நிற்க அவர்க்கு ஓரிரவே போதுமாயிருந்தது. படைஞன் பேசாதிருக்கலாம். தீயதைச் செய்யாதிருத்தல் என்றும் அவன் கையில் உள்ளது.

'மறத்தைப் போற்றும் தமிழினம் போரைப் பழிக்கலாமா? கட்டபொம்மனைப் போற்றிக்கொண்டே அமைதி பேசலாமா?' என்பது இரண்டாம் வினா. தன் மண்ணையும் மானத்தையும் காக்கப் படைக்கலம் எடுப்பதும், பிறன் மண்ணைப் பறிக்கவோ தேர்தலில் வெல்லவோ படையை ஏவுவதும் ஒன்றாகா. கயத்தாற்றில் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-இல் தூக்கிலிடப்பட்டவன் எவர் மண்ணையும் பறிக்கப் போனவனல்லன். மறத்தைப் பாடிய நம் முன்னோரே போரைத் தடுக்கவும் நடந்தனர். உறையூரில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும், முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் இடையே நின்று, இருவரும் ஒரு குடியினர் என்பதை எடுத்துக்காட்டி இடித்துரைத்தவர் கோவூர்கிழார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது நடந்தவர் ஔவையார். அவ்விருவரையும் கோழையர் என்று எத்தமிழனும் சொன்னதில்லை. நடுகல் நட்டு வணங்கிய இனம், நடுகற்கள் பெருகுவதை விரும்பிய இனமன்று.

இறுதியாக, நம்மவர்க்கு ஒரு சொல். இது நம்மையே நாம் இடித்துக்கொள்ளும் சொல்லுமாம்.

1987 முதல் 1990 வரை ஈழத்தில் நின்ற இந்தியப் படையில் தமிழ்ப்பிள்ளைகளும் இருந்தனர். தமிழரைக் காக்கப் போகின்றோம் என்று நம்பிப் போனவர் அவர். தமிழ்த்தாய்மார் தமிழிற் கதறிய கதறலை, மொழி புரியாத பிற படைஞரினும் அவர்களே முழுமையாய்ப் புரிந்துகொண்டிருப்பர். நாமோ மேடைதோறும் அப்படையைப் பழித்தோம். பழித்தது தவறன்று, நிகழ்ந்த கொடுமை பழிக்கத்தக்கதே. ஆனால் நம் ஊர்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் அந்த முன்னாள் படைஞரிடம் சென்று, 'அண்ணாச்சி, அங்கே என்ன கண்டீர்கள்?' என்று நம்மில் எத்தனைபேர் கேட்டோம்? நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருபுறம் அரசின் கட்டுப்பாடு, மறுபுறம் நம் வெறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருஞ்சான்று ஊமையாய்க் கிடக்கின்றது.

அன்று இருபது அகவை இளைஞராயிருந்தவர் இன்று அறுபதைத் தொட்டுவிட்டார். அன்று முப்பதில் நின்றவர் எழுபதை நெருங்குகின்றார். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்டால் விடைசொல்ல எத்தனைபேர் எஞ்சுவர்? படைத்தலைவர்கள் ஆங்கிலத்தில் நூல் எழுதிவிட்டனர். அவர் ஆணைக்குக் கீழ்ப்படிந்து துமுக்கி ஏந்திய எளிய தமிழன் தன் தாய்மொழியில் ஒரு தாளேனும் எழுதினான் என்று நாம் அறியோம். வரலாறு தலைவர்களின் நூலால் மட்டும் நிறைவுறாது. கரிசற் காட்டு மகன் தன் சொற்களால் தான் கண்டதைச் சொல்லும்போதே அது மக்கள் வரலாறாகும்.

எனவே, அன்பர்களே, அடுத்த பிறைக்குள் உங்கள் ஊரில் அத்தகையவர் எவரேனும் உளராயின் சென்று காணுங்கள். வினாவில் குற்றஞ்சாட்டு வேண்டா, வாழ்த்தும் வேண்டா. அவர் அருகில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் ஒப்பினால் அவர் சொல்லை அவர் சொல்லியவாறே தமிழில் எழுதிவையுங்கள். பெயர் வேண்டா என்றால் பெயரை விடுங்கள். அவர் அழுதால் எழுதுவதை நிறுத்திவிட்டு உடனிருங்கள்.

பின்னர், அடுத்த முறை எவனேனும் ஒருவன் ஒலிபெருக்கி முன்நின்று 'போர்' என்று கூவும்போது, அவ்வேட்டை எடுத்துச் சென்று அவன் முன்னிலையில் படியுங்கள். போருக்குப் போய்வந்தவன் சொல்லைக் கேட்டபின்னும் அவன் கூவுவானாயின், முதலில் அவனையே களத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கரிசற் காட்டுத் தாய்மார் கொடுத்தது போதும்!